13.02 என்ற எண்ணும் எழுபது வளைவுகளும்

எழுபது லட்ச ரூபாய் காருக்கு மைலேஜ் கேட்டால் சிரிக்கிறார்கள். கார் விமர்சனம் செய்கிற யூடியூப் ஆட்கள், கார் பத்திரிகைக்காரர்கள், டீக்கடைக்காரர் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "இதை வாங்குறவன் மைலேஜ் கேப்பானா சார்?" மாருதி "கித்னா தேதி ஹை" என்று ஒரு விளம்பரம் எடுத்து, இந்த நாட்டில் ராக்கெட் வித்தாலும் லிட்டருக்கு எவ்வளவு என்றுதான் கேட்பான் என்று கிண்டலடித்தது. அதிலிருந்து மைலேஜ் கேட்பது கஞ்சத்தனத்தின் அடையாளமாகவும், கேட்காமல் இருப்பது வசதியின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. என் கட்சி வேறு. வேகத்துக்காகச் செய்த சின்ன சொகுசு செடான்களிடம்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அதற்கு இப்போது தரப்படுகிற பதில்தான் சரியில்லை. இந்தக் குறிப்பு அந்தப் பதிலைப் பற்றியது.

உதாரணத்துக்கு பி.எம்.டபிள்யூ எம்340ஐ. வேறு காரை எடுக்காமல் இதை எடுப்பதற்குக் காரணம், இது நம்ம ஊர் கார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில், மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் ஓடுகிற பி.எம்.டபிள்யூ ஆலையில் கோர்க்கப்படுவது. 2021 மார்ச்சில் வந்தது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், ஒரு டர்போ, 387 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, 4.4 வினாடியில் நூறு. 2022 கடைசியில் வந்த புது வடிவத்தில் 374 குதிரையும் ஒரு 48 வோல்ட் உதவி மோட்டாரும். எஞ்சின் அற்புதமான எஞ்சின், அதில் எனக்குச் சண்டை இல்லை.

இந்தக் காருக்கு கார் விற்கிற இணையதளங்களில் போட்டிருக்கிற மைலேஜ் 13.02. பதிமூன்று என்று போட்டால் போதாதா? அந்தப் புள்ளிக்கு அப்புறம் இருக்கிற பூஜ்யமும் இரண்டும்தான் வேலையைச் செய்கின்றன. யாரோ உட்கார்ந்து கவனமாக அளந்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையை அவை தருகின்றன. அளந்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். எதை அளந்தார்கள் என்பதுதான் கேள்வி.

எங்க ஊர் பேளுக்குறிச்சி சனிக்கிழமை சந்தையில் மிளகு, மல்லி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது விலையை அல்ல. சாக்கோட எடையா, சாக்கு கழிச்சா? காய்ஞ்சதா, ஈரமா? அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கிலோ என்ன விலை என்பதற்கு அர்த்தம் வருகிறது. கார் மைலேஜுக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் கார்களுக்கு மைலேஜ் சான்று தருகிற சோதனையில் கார் சாலையிலேயே போவதில்லை. உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். மொத்தம் 1,180 வினாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள் பத்தரை கிலோமீட்டர் சொச்சம் ஓடும். சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. பக்கம். முதல் 780 வினாடி நகர ஓட்டம், ஒரே மாதிரியான நான்கு சுற்று. மீதி 400 வினாடி ஊருக்கு வெளியே போகிற ஓட்டம், அதில் உச்ச வேகம் 90. ஐரோப்பாவின் பழைய சோதனையை எடுத்து, 120 என்றிருந்த உச்ச வேகத்தை 90 ஆகக் குறைத்து நாம் வைத்துக்கொண்டது. ஐரோப்பா அந்தப் பழசையும் போதாது என்று 2017-லிருந்து கைவிட்டு, 1,800 வினாடி, 23 கி.மீ., உச்ச வேகம் 131 என்று இன்னொன்றுக்குப் போய்விட்டது.

நம்ம சோதனையில் ஏ.சி. கிடையாது. ஏற்றம் கிடையாது. 250 வரைக்கும் போகிற காரை 90-க்கு மேல் ஓட்டிப் பார்ப்பதும் கிடையாது. ஆக, 13.02 என்பது ஏ.சி. போடாமல், மட்டமான தரையில், முன்னாடி வண்டியே இல்லாத ஊரில், பொறுமையின் சிகரமான ஒரு ஓட்டுநர் இருபது நிமிடம் ஓட்டினால் வருகிற கணக்கு. இந்தக் காரை வாங்குகிறவர் யாரும் அந்த ஓட்டுநர் இல்லை.

அமெரிக்க அரசு நிறுவனம் ஐந்து விதமான ஓட்டங்களைக் கணக்கில் எடுக்கிறது. வெயில், குளிர், ஏ.சி., வேகமாக மிதிப்பது எல்லாம் அதில் உண்டு. அவர்கள் இதே நான்கு சக்கர இழுவை எம்340ஐ-க்கு 2020-இல் தந்தது நகரத்தில் 22, நெடுஞ்சாலையில் 30, இரண்டும் சேர்த்து 25 மைல், ஒரு காலனுக்கு. நம்ம கணக்கில் சேர்ந்தது லிட்டருக்கு 10.6 கி.மீ., நகரத்தில் 9.3. அதாவது 13.02-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. காரும் அதுதான், எஞ்சினும் அதுதான். அளக்கிற முறை மட்டும்தான் வேறு.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். 'லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்' என்ற அளவே நம்மை ஏமாற்றுகிற அளவு. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் சயின்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஒரு சின்ன கார் 20 கொடுக்கிறது, அதை மாற்றி 25 கொடுக்கிற கார் வாங்குகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் 8 கொடுக்கிற காரை மாற்றி 10 கொடுக்கிற கார் வாங்குகிறார். யார் அதிகம் மிச்சம் பிடித்தது? அஞ்சு பெருசா, ரெண்டு பெருசா என்று மனம் பார்க்கும். வருஷம் 12,000 கி.மீ. ஓட்டினால் உங்களுக்கு 600 லிட்டர் 480 ஆகிறது, மிச்சம் 120. பக்கத்து வீட்டுக்காரருக்கு 1,500 லிட்டர் 1,200 ஆகிறது, மிச்சம் 300. இரண்டரை மடங்கு!

ஆல்ட்டோ வாங்குகிறவன் 22-ஆ 24-ஆ என்று சண்டை போடுவது, லிட்டர் கணக்கில் பார்த்தால், சில்லறைச் சண்டை. எட்டா பத்தா என்பதுதான் பெரிய சண்டை, அதைப் போட வேண்டியவர்கள்தான் சிரித்துக்கொண்டு போகிறார்கள். விமர்சகர்களும் இருபது நிமிட வீடியோவில் சைலன்சர் சத்தத்துக்கு நான்கு நிமிடம் கொடுத்துவிட்டு, "சிட்டியில எட்டு, ஹைவேல பதிமூணு, இந்த செக்மென்ட்டுக்கு ஓகே" என்று அரை வரியில் முடிக்கிறார்கள்.

இனி மலைக்கு வருவோம். சேலம், ராசிபுரம் பக்கமிருந்து கொல்லிமலைக்குப் போகிற கார்கள் பலவும் எங்க ஊர் வழியாகத்தான் காரவள்ளி அடிவாரத்துக்குப் போகின்றன. அங்கிருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்களுக்கு அது கோயில் மாதிரி. சரி, அந்த ஏற்றத்தில் 387 குதிரைகளும் என்னதான் செய்கின்றன?

கணக்குக்கு எளிதாக, தூரம் 25 கி.மீ., ஏற்றம் 1,000 மீட்டர், ஆட்களோடு காரின் எடை 1,900 கிலோ, வேகம் சராசரியாக மணிக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். இத்தனை எடையை நான்கு சதவீத ஏற்றத்தில் இழுக்க 745 நியூட்டன் விசை வேண்டும். டயர் உருளுவதற்கும் காற்றுக்கும் சேர்த்து இன்னொரு 215. மொத்தம் 960 நியூட்டன். அதை மணிக்கு 30 கி.மீ. வேகத்தால் பெருக்கினால் 8 கிலோவாட். குதிரைக்கணக்கில் பதினொன்று.

ஆமாம், பதினொன்றுதான். ஏ.சி., மின்சாரம் எல்லாம் சேர்த்துப் பதிமூன்று. ஒரு ஸ்பிளெண்டர் பைக்கில் இருப்பது ஏறத்தாழ எட்டு. வளைவை விட்டு வெளியே வரும்போது மிதிக்கிற மிதிக்குத்தான் மற்ற குதிரைகள் வெளியே வருகின்றன, அதுவும் அடுத்த வளைவு வரைக்கும், சில வினாடி. அப்புறம் பிரேக். மீதி நேரமெல்லாம் நூற்றுக்கு மூன்றரை குதிரை வேலை செய்கிறது, மற்றதெல்லாம் லாயத்தில் நின்று தீனி தின்கிறது.

தீனி என்று சொன்னதுதான் முக்கியம். பெட்ரோல் எஞ்சின் பாரம் குறைவாக இருக்கும்போது மோசமாக வேலை செய்யும். ஆறு பிஸ்டனும் உரசுவது உரசிக்கொண்டேதான் இருக்கும். காற்று உள்ளே வருகிற வழியைப் பாதி மூடிவைத்து, அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே சக்தி போகும். நன்றாக இழுக்கும்போது பெட்ரோலில் இருக்கிற ஆற்றலில் முப்பத்தைந்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வேலையாக மாற்றுகிற எஞ்சின், இப்படிச் சோம்பலாக ஓடும்போது இருபது சொச்சத்துக்கு இறங்கிவிடும். 22 என்று வைத்துப் போட்டுப் பார்த்தால், மேலே போய்ச் சேர நான்கு லிட்டர். லிட்டருக்கு ஆறு கி.மீ. சொச்சம். மிதித்து ஓட்டினால் இன்னும் குறையும்.

இதே ரோட்டில் லோடு லாரியை நினைத்துப் பாருங்கள். 16 டன் லாரி மணிக்கு 25-இல் ஏற, அதே கணக்கில் 70 குதிரை வேண்டும். அதன் எஞ்சினே நூற்றறுபது, நூற்றெண்பதுதான். பாதிக்குப் பக்கமாக, டீசல் எஞ்சின் சிறப்பாக வேலை செய்கிற இடத்தில், அது போய்க்கொண்டிருக்கும். நாமக்கல் லாரிக்காரர்கள் மைலேஜைப் பற்றிப் பேசுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் "லோடு என்ன? எந்த ரூட்டு?" என்று திருப்பிக் கேட்காமல் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். லோடும் ரூட்டும் இல்லாத மைலேஜ் அவர்களுக்கு ஒரு எண்ணே இல்லை. நம்ம கார் விமர்சனத்துக்கு வராத அறிவு அந்த லாரி ஸ்டாண்டில் எப்பவோ வந்துவிட்டது.

இறங்குவது இன்னொரு வேடிக்கை. நான்கு சதவீத இறக்கத்தில் புவியீர்ப்பு தருகிற இழுப்பு, காருக்குத் தேவையானதைவிட அதிகம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து கியரில் விட்டால், இப்போதைய எஞ்சின்கள் பெட்ரோலை முழுசாக நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று இன்னும் சில பேர் நம்புகிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்ஜெக்ஷன் வண்டியில் நியூட்ரலில் விட்டால், எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கும், பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். பெட்ரோலும் மிச்சமில்லை, உயிருக்கும் உத்தரவாதமில்லை.

வளைவில் நின்று நின்று போகிற செலவைச் சேர்த்து, இறங்க 0.3 லிட்டர் என்று வைப்போம். சோளக்காட்டில் மீட்டரை பூஜ்யமாக்கிவிட்டு இறங்குகிறவருக்கு லிட்டருக்கு எண்பதுக்கு மேல் காட்டும். ஏறி இறங்கியது சேர்த்துப் பார்த்தால் 50 கி.மீ.க்கு 4.3 லிட்டர், பதினொன்றரைக்குப் பக்கம். ஒரே கார், ஒரே மலை, ஒரே நாள். ஆறு, எண்பது, பதினொன்றரை. மூன்றும் பொய்யில்லை. திரையைப் படம் பிடித்து "பாருங்க நண்பர்களே" என்று போடுகிறவர் எதைப் போடுகிறார் என்பது அவர் மீட்டரை எங்கே பூஜ்யமாக்கினார் என்பதைப் பொறுத்தது.

வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் வீழ்த்தினான் என்பார்கள். ஓரியின் மலையில் ஒரே எண்ணால் அப்படி எல்லாவற்றையும் அடிக்க முடியாது.

48 வோல்ட் உதவி மோட்டார் பற்றி ஒரு வார்த்தை. அது தருவதும் 11 குதிரை, மலை ஏறத் தேவைப்படுவதும் 11 குதிரை! அப்படியென்றால் அதை வைத்தே ஏறிவிடலாமே என்று தோன்றும். முடியாது, அதன் பேட்டரி ஒரு கிலோவாட்-மணிகூடத் தேறாது. இறங்கும்போது இந்தக் கார் வீணாக்குகிற ஆற்றல் மூன்றரை கிலோவாட்-மணிக்கு மேல். முதல் சில வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பிவிடும், மிச்சமெல்லாம் பிரேக் தட்டில் சூடாகப் போகும். அதே கம்பெனியின் மின்சார ஐ4 என்றால் 80 கிலோவாட்-மணிக்கு மேல் இடம் வைத்திருக்கிறது, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நகர சிக்னலில் அணைத்து எழுப்புவதற்கு 48 வோல்ட் நல்ல ஏற்பாடு. அதை "ஹைப்ரிட்" என்று வீடியோ தலைப்பில் போடுவது கொஞ்சம் அதிகம்.

எஞ்சினைச் சின்னதாக்கினால் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு தகவல். மெர்சிடிஸ் தன் சி43-இல் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் வைத்தது. 400 குதிரைக்கு மேல். அமெரிக்க அளவில் அதற்குக் கிடைத்தது காலனுக்கு 22 மைல். மூன்று லிட்டர் பி.எம்.டபிள்யூவுக்குக் கிடைத்த 25-ஐவிடக் குறைவு. லிட்டர் குறைந்தால் பெட்ரோல் குறையும் என்பது எல்லா நேரமும் நடப்பதில்லை.

நேர்மையாகச் சொன்னால், நெடுஞ்சாலையில் இந்தக் காரைக் குறை சொல்ல முடியாது. மணிக்கு 100-இல் சீராகப் போக ஏ.சி.யோடு 19 குதிரை போதும். கால் பங்குத் திறனில் வைத்தால்கூட லிட்டருக்கு 16 கி.மீ. பக்கம் வரும் என்று கணக்கு சொல்கிறது. 140-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகி, 12-க்கு இறங்கும். அதாவது இந்தக் காரின் மைலேஜை எஞ்சினைவிட அதிகமாக முடிவு செய்வது வலது கால். இதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. விமர்சகர் சொல்லலாம், ஆனால் அதற்கு ஒரே ரோட்டில் இரண்டு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிற பொறுமை வேண்டும்.

போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, இந்தக் கலவைக்கென்று வடிவமைக்காத கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றது. பழைய சான்றிதழ் எண்களில் இதெல்லாம் இல்லை. மோகனூரில் சர்க்கரை ஆலை வைத்திருக்கிற மாவட்டத்துக்காரனாக எத்தனாலை நான் எதிர்க்கவில்லை. எண்ணைத் திருத்தினால் போதும்.

சரி, இருக்கிறவன் செலவு செய்கிறான், உனக்கென்ன என்றால், இரண்டு பதில்.

முதல் பதில் எல்லோருக்கும் தெரிந்தது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. அரசு கார் கம்பெனிகளுக்கு வைத்திருக்கிற வரம்பு, விற்கிற கார்கள் எல்லாவற்றுக்கும் சராசரியாக, கிலோமீட்டருக்கு 113 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 13.02 என்றால் ஏறத்தாழ 182 கிராம், அதுவும் அந்த உருளை மேல் ஓடின கணக்கில். சராசரி என்பதால் கம்பெனி மின்சார காரை விற்று ஈடுகட்டலாம். போதாததற்கு ஒரு மின்சார காரை மூன்றாக எண்ணிக்கொள்ள விதியும் உண்டு. அதனால் எழுதப்பட்ட வரம்பு கண்டிப்பாகத் தெரிந்தாலும், தனிப்பட்ட காரை அது தொடுவதே இல்லை.

இரண்டாவது பதில்தான் எனக்கு முக்கியம். இந்தக் கார்களை முதலில் வாங்குகிறவர் மைலேஜ் கேட்பதில்லை, ஒத்துக்கொள்கிறேன். மூன்று நான்கு வருஷத்தில் அவர் விற்றுவிடுகிறார். அடுத்தவரும் விற்கிறார். பத்து வருஷம் கழித்து அதே கார், புதுசு விலையில் ஆறில் ஒரு பங்குக்கோ எட்டில் ஒரு பங்குக்கோ, ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஒரு வாசலில் நிற்கிறது. வாங்கினவர் ரிக் வண்டியில் நாலு காசு பார்த்தவர், இல்லை கடை வைத்திருப்பவர். ஒரு ஸ்விஃப்ட் விலைக்கு பி.எம்.டபிள்யூ கிடைத்த சந்தோஷம். அவர் இணையத்தில் தேடிப் பார்த்தது 13.02. "பரவால்லயே" என்று நினைத்திருப்பார். ஊருக்குள் அவருக்குக் கிடைக்கப்போவது எட்டு. வருஷம் 12,000 கி.மீ. ஓட்டினால் 1,500 லிட்டர், நூறு ரூபாய் என்றாலும் ஒன்றரை லட்சம். 13.02 கணக்கில் அவர் ஒதுக்கி வைத்தது 92,000. டயரும் சர்வீஸும் தனி. முதல் முதலாளி கேட்காத கேள்விக்கான பதிலை மூன்றாவது முதலாளி மாதாமாதம் பங்கில் கொடுக்கிறார். "வாங்குறவன் கேப்பானா" என்று சிரிக்கிற விமர்சனம் இந்த மூன்றாவது ஆளைக் கண்ணிலேயே பார்க்கவில்லை. ஆனால் பழைய வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்ப்பதே அவர்தான்.

அவருக்கு உபயோகமாக ஒரு விஷயம். வீடியோவில் சொல்கிற மைலேஜையும், ஒரு தடவை டேங்க் ஃபுல் பண்ணிப் பார்க்கிற கணக்கையும் நம்ப வேண்டாம். ஐந்து லிட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப நிரப்பும்போது, பங்க் துப்பாக்கி கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ நின்று ஒரு லிட்டர் தப்பினால், ஐந்தில் ஒரு பங்கு தப்பு. நாலைந்து ஃபுல் டேங்க் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பிசகு கரையும். பழைய கார் வாங்கப் போகும்போது மீட்டரில் நீண்டநாள் சராசரி மைலேஜோடு சராசரி வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலான கார்களில் பக்கத்திலேயே இருக்கும். சராசரி வேகம் 20, மைலேஜ் ஏழரை என்றால் அது சென்னை ட்ராஃபிக்கில் ஓடின கார், மைலேஜில் தப்பில்லை. உங்க ஊரில் கூடத்தான் கிடைக்கும். சராசரி வேகம் 55, மைலேஜ் எட்டு என்றால், ஒன்று எஞ்சினில் ஏதோ இருக்கிறது, இல்லை முன்னாடி வைத்திருந்தவர் அதை விரட்டி விரட்டி ஓட்டியிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் விலையை இன்னும் குறைத்துக் கேட்கலாம்.